குதிகாலில் ஒரு கறுப்பு

எத்திராஜின் வலது குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. முப்பது வருஷம் துறைமுகத்தில் வெறுங்காலோடு நிலக்கரி இறக்கியவர். கரி ஏறிக் கிடக்கிறது என்று நினைத்தார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார், போகவில்லை. பிளேடால் சுரண்டினார். ஆறியது, மறுபடி கறுத்தது. திரும்பவும் சுரண்டினார். இப்படியே ஒன்றரை வருஷம். ஆஸ்பத்திரியில் தோல் புற்று என்றார்கள், பாதத்தையே எடுக்கணும் என்றார்கள். அந்த வெள்ளைக் கோட்டுகளை அவர் நம்பவில்லை. இரண்டு மாதமாகக் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

மாடி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வண்ணாரப்பேட்டைப் பெண் கௌசர், புண்ணில் எடுத்த துண்டில் கொஞ்சம் கேட்டு வாங்கியிருந்தாள். குப்பைக்குப் போவதுதானே என்று கொடுத்துவிட்டார். அதை அவள் வளர்க்கிறாள் என்று வார்டில் ஒருத்தர் சொல்ல, நொண்டிக்கொண்டே படியேறினார்.

"இன்னாமா, என் புண்ணுக்குத் தீனி போட்டு வளக்கிறியாமே?"

"ஆமா நைனா. வந்து பாருங்க."

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். முதல் கண்ணாடித் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். அடுத்ததில் கூடைக்குள் நெத்திலி மாதிரி நெருக்கிக்கொண்டு கிடந்தன.

"ரெண்டும் உங்க காலுதான். இதுல மட்டும் வளர்ச்சிக் காரணின்னு ஒண்ணு சொட்டு வுட்டேன். அஞ்சே நாளு."

"அத்த எங்க வாங்குன?"

"கம்பெனில விக்கிறான். நம்ம உடம்பும் சுரக்கும். காயம் பட்டா, ஆத்துறதுக்கு அனுப்புறதுல இதுவும் ஒண்ணு."

எத்திராஜ் குனிந்து தன் குதிகாலைப் பார்த்தார். "அப்போ நான் சுரண்டச் சுரண்ட..."

"அதாலதான்னு என்னால சொல்ல முடியாது நைனா. இல்லன்னும் சொல்ல முடியாது."

தெரியாததைத் தெரியாது என்று அந்தக் கட்டடத்தில் சொன்னவள் இவள் ஒருத்திதான்.

"காலக் கேக்குறது உங்க ஆராய்ச்சிக்குத்தான?"

"எனக்கு இதுவே போதும். வளந்து வளந்து வெக்க எடமில்ல. வெட்டச் சொல்றது உங்க உசுருக்கு."

"இங்க சொட்டு வுடலன்னா?"

"மெதுவா வளருது."

"அப்போ என் உடம்புலயும் அத்த நிறுத்து."

"அதுக்குத்தான் இத்தினி தட்டு. இன்னும் வழி வரல."

"வர எத்தினி வருஷம் ஆவும்?"

அவள் தட்டுகளை மூடிவைத்தாள். அவருக்கு அலுத்துப்போயிற்று. முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"கையெழுத்து எங்க போடணும்?"

"கீழ, ரெண்டாம் நம்பர் ரூம்ல. வண்டி கொண்டாறச் சொல்லவா?"

"இன்னாத்துக்கு? இன்னிக்கு ரெண்டு காலும் கீதே."

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.