முட்டை சேராதது

கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த ஐஸ்கிறீம் நிறங்களில் ஒன்றையும் ஏறெடுத்துப் பாராமல், இவற்றுள் முட்டை சேராதது எது என்று சச்சிதானந்தன் கேட்டார். மெல்பேர்ணின் லைகன் தெருவில் அவர் ஏறியிறங்கிய மூன்றாவது கடை அது. ஒரு கையில் பிளாஸ்க். மறு கையில் நனைந்துபோன கைக்குட்டை. வடக்கேயிருந்து வீசிய அனற்காற்றில் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரி, நடுவயதைக் கடந்த இத்தாலியப் பெண், அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஜனவரி வெயிலில் வருகிறவர்கள் எல்லாரும் எது நன்றாக இருக்கும் என்று கேட்பார்கள். இவர் மட்டும் எதில் என்ன இல்லை என்று கேட்கிறாரே என்பது போலிருந்தது அந்தப் பார்வை.

முதற் கடையில் இருந்த கிழவர், பாலில் செய்த வகை எல்லாவற்றிலும் மஞ்சட்கரு உண்டு, ருசியே அதுதானே என்று பெருமையோடு சொல்லியிருந்தார். வெளிர்மஞ்சள் நிறத்தில், நேப்பிள்ஸ் நகரத்தில் கண்ட அதே வகை அங்கே வழியவழிய இருந்தது. சச்சிதானந்தன் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெளியேறினார். இரண்டாவது கடையில் ஓர் இளைஞன், அவர் கேட்டு முடிக்குமுன்னரே, இல்லை, எதிலும் இல்லை என்று தலையாட்டினான். அந்த அவசரத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் அதே அவசரத்தோடு அவரும் ஓர் ‘இல்லை’யைச் சொன்னவர். அங்கும் அவர் வாங்கவில்லை.

இத்தனைக்கும் மருத்துவமனை அதிக தூரத்தில் இல்லை. அங்கே அவருடைய மனைவி நாகேஸ்வரி, வயிற்றில் புற்றோடு, சுவர்ப்பக்கம் முகம் வைத்துக் கிடந்தாள். சில நாட்களாக உதட்டை நனைக்கும் ஐஸ்துண்டைத் தவிர வேறொன்றும் அவளுக்கு இறங்கவில்லை. அன்று காலை, தானாகவே முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ. அண்டைக்கு நேப்பிள்ஸிலை திண்டனாங்கள் எல்லோ. அப்பிடிக் குளிரா ஒண்டு வேணும்போலை கிடக்கு.”

கட்டிலின் மறுபக்கத்தில் இருந்த அவளுடைய தங்கை பவளம், நிமிர்ந்து அத்தானைப் பார்த்துவிட்டு, உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். நாகேஸ்வரி கேட்பது எதுவானாலும் கொடுக்கலாம் என்று தாதி சொன்னாள். அதன் பொருள் சச்சிதானந்தனுக்கு விளங்கியது. பிளாஸ்கில் இருந்த தேநீரைக் கொட்டிக் கழுவி எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

எழுபத்து மூன்றாம் ஆண்டு, இலண்டனிலிருந்து இரயிலில் வந்து, மெல்பேர்ணுக்குக் கப்பலேறுவதற்காக அவர்கள் நேப்பிள்ஸில் தங்க நேர்ந்தது. நகரத்திலேயே சிறந்த ஜெலாட்டோ என்கிற ஐஸ்கிறீம் எந்தக் கடையில் என்று விடுதியில் விசாரித்துக்கொண்டு, அவர் மனைவியைச் சந்து சந்தாக நடத்தினார். எதைச் செய்தாலும் அதில் மேலானதைத் தேடுவது அவருடைய சுபாவம். வழியில் எத்தனையோ கடைகளைக் காட்டி, இதிலேயே வாங்குவோமே என்று அவள் கேட்டாள். அவர் இணங்கவில்லை. ஒருவாறு அந்தக் கடையைக் கண்டுபிடித்து, இரண்டு கிண்ணங்களோடு வந்தபோது, அவள் கை நீட்டாமல், “முட்டை இல்லையே?” என்று கேட்டாள். முட்டை பட்ட கரண்டியைக்கூடப் பிறந்ததுமுதல் தொட்டறியாதவள். உள்ளே ஒருத்தி செப்புப் பாத்திரத்தில் முட்டைகளை உடைத்துக்கொண்டிருந்ததைச் சச்சிதானந்தன் கண்டிருந்தார். காலை முழுவதும் நடந்து களைத்த அந்த முகத்தையும் கண்டார். “இல்லை, பால்தான்” என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு முதல் வாயை விழுங்கினாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். தன்னுடையதை முடித்துக்கொண்டு அவருடையதிலும் பாதியைத் தின்றாள். கலியாணமான நாள்தொட்டு அவள் அப்படிச் சிரித்து அவர் கண்டதில்லை. மெல்பேர்ணுக்கு வந்தபின் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம், உலகத்தில் அப்படி ஒரு ஐஸ்கிறீம் கிடையாது என்று அந்தக் கதையைச் சொல்லுவாள்.

ஒரு தீபாவளியன்று விருந்தாளிகள் நிறைந்திருந்த மேசையில் அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பேச்சின் உற்சாகத்தில் சச்சிதானந்தன் இடைமறித்தார். அதில் பாதி முட்டை, என் கண்ணாலேயே கண்டேன், இவவுக்குத்தான் தெரியாது என்று அவர் சொன்னதும் மேசையே அதிர்ந்து சிரித்தது. நாகேஸ்வரியும் சிரித்தாள். பின்னர்த் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அங்கே தண்ணீர்க்குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் சண்டை பிடிக்கவில்லை. ஒரு சொல் கேட்கவுமில்லை. ஆயினும், அன்றிலிருந்து அவர் கடையில் வாங்கிவந்த எதுவும் அவளுடைய வாய்க்குள் போகவில்லை. பிஸ்கட் ஆனாலும் பாண் ஆனாலும் பிறகு தின்னுகிறேன் என்று வாங்கி வைத்து, வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். தனக்கு வேண்டியதைத் தானே போய், பெட்டியில் அச்சிட்டிருப்பதை வாசித்து வாங்கினாள். மன்னித்துக்கொள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அதை இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளியே அவர் காலத்தைக் கழித்துவிட்டார்.

ஆகவேதான் இந்த மூன்றாவது கடை. இம்முறையும் அவள் கேட்பாள். கேட்டால், இல்லை என்று சொல்லவேண்டும். அது உண்மையாகவும் இருக்கவேண்டும்.

எலுமிச்சையில் செய்வதில் பாலுமில்லை, முட்டையுமில்லை என்று கடைக்காரி சொன்னாள். செய்வதைப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். நீர் என்ன சுகாதாரப் பகுதி உத்தியோகத்தரா என்று அவள் சினந்தாள். சச்சிதானந்தன் தம்முடைய ஆங்கிலத்தில், மெதுவாக, மனைவியைப் பற்றிச் சொன்னார். கடைக்காரி பலகைக் கதவைத் தூக்கி அவரை உள்ளே விட்டாள்.

உள்ளே புதிதாக ஒரு தொகுதிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். பழத்தைப் பிழிந்தார்கள், சீனிப்பாகையும் தண்ணீரையும் ஊற்றினார்கள். யந்திரத்தின் துடுப்பை மறுபடி கழுவித் தரமுடியுமா என்று அவர் கேட்டார். அவள் கழுவினாள். யந்திரம் சுழன்று சுழன்று, கலவை வெளிறி, மெல்ல இறுகத் தொடங்கியது. நாகேஸ்வரி கேட்டது இந்த ருசியை அல்ல என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆனாலும் அது இறுகி முடியுமட்டும் அவர் அசையாமல் நின்றார்.

திரும்பி வரும்போது, சொல்லவேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அறைக்குள் நுழைந்தபோதே மூச்சின் ஓசை மாறியிருந்தது கேட்டது. பவளம் எழுந்து வந்தாள்.

“எங்கை அத்தான் போட்டியள்? கிட்டத்தானே எண்டு சொன்னியள். நீங்கள் போன கையோடை அக்கா எழும்பி இருந்தவ. தலையையும் இழுத்துவிடச் சொன்னவ. வாசலைப் பாத்துப் பாத்து இருந்திட்டு, இப்பதான் சரிஞ்சவ.”

“செய்து முடியுமட்டும் நிண்டனான்” என்றார் சச்சிதானந்தன்.

பவளம் வாரிவிட்ட தலை, தலையணையில் ஒரு மயிர் குலையாமல் இருந்தது. அவர் பிளாஸ்கைத் திறந்து கரண்டியில் எடுத்துக்கொண்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாகேஸ்வரி கண்ணைத் திறக்கச் சிறிது நேரமாயிற்று.

“நேப்பிள்ஸிலை திண்டதே?”

“இல்லை, நாகேஸ். இது வந்து...”

“முட்டை போட்டதெண்டாலும் பரவாயில்லை” என்றாள் அவள். “தாங்கோ.”

கரண்டி அவருடைய கையிலேயே நின்றது. அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் ஊட்டினார். உதடுகள் ஒருமுறை கூடிப் பிரிந்தன; கண்கள் மூடிக்கொண்டன. இரண்டாவது கரண்டியைத் தொண்டை ஏற்கவில்லை. கடைவாய் வழியே வழிந்தது. அடுத்த கரண்டியை எடுத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். அது கரண்டிக்குள்ளேயே கரைந்து தண்ணீராயிற்று.

“காணும், அத்தான்” என்று பவளம் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இறக்கினாள்.

சிறிது நேரத்தில் தாதி வந்தாள், நாடியைப் பார்த்தாள், பார்த்தபடியே சற்று நின்றுவிட்டுத் தணிந்த குரலில் சொல்லவேண்டியதைச் சொன்னாள். திரைச்சீலையை இழுத்து மூடி, வேண்டிய நேரம் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். வெளியே தேநீர் வண்டி உருளும் சத்தம் கேட்டது. முதற் கடையின் கிழவரிடம் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தால் எப்போது வந்து சேர்ந்திருக்கலாம் என்று கணக்கிடப் புறப்பட்ட மனத்தைச் சச்சிதானந்தனால் நிறுத்த முடியவில்லை. எழுந்திருந்து, தலைவாரி, வாசலைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி இருந்திருப்பாள்.

பவளம் கிண்ணத்துத் தண்ணீரில் துணியை நனைத்து அக்காளின் முகத்தைத் துடைத்தாள். கைப்பையிலிருந்து திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசினாள். கடைவாயில் வழிந்து காய்ந்திருந்ததைத் துடைத்தாள்.

“அத்தான்.”

“ம்.”

“அதிலை முட்டை கிட்டை இல்லைத்தானே?”

“இல்லை. தேசிக்காய், சீனி, தண்ணி. நான் கண்ணாலை பாத்தனான்.”

பவளம் தலையை அசைத்தாள். பிறகு துணியை மறுபடியும் தண்ணீரில் தோய்த்துப் பிழிந்து, நாகேஸ்வரியின் உதடுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இன்னொரு முறை துடைத்துவிட்டாள்.