எபனேசரின் பதினோரு பேர்

கோபம் வந்தால் லவோன் கிராபாவ் கேக் செய்வாள். அந்த அக்டோபரில் மூன்று வாரத்துக்குள் ஒன்பது தட்டு பூசணிக்காய் கேக் செய்துவிட்டாள். ஆத்திரம் மட்டும் தீர்ந்தபாடில்லை. பத்தாவது தட்டிலிருந்து மூன்றாவது துண்டைத் தின்றுகொண்டிருந்த டெல்மர், ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். ஆர்லோவின் பிக்கப் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு உள்ளே திரும்பியது. டெல்மர் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

"உக்காரு டெல்மர். சின்னப் புள்ளையா நீ?"

"அவன் வர்ற எடத்துல எனக்கென்ன வேலை?"

"ரெண்டு பேரையும் சேத்துத்தான்டா கூப்பிட்டேன். இது டவுன்ஷிப் கூட்டம். மொறைப்படி நோட்டீஸ் ஒட்டியிருக்கேன்."

"ஒட்டு, யார் வேணாம்னா?" என்றபடி பின்கதவு வழியாகப் போய்விட்டான். முன்கதவு வழியாக ஆர்லோ வந்தான். அவன் கண் முதலில் மேஜையில் இருந்த தட்டுக்குத்தான் போனது.

"வந்துட்டுப் போனானா? நாற்காலி சூடா இருக்கும். நான் நின்னுக்கறேன்."

"ஆர்லோ, எனக்கு ஒரு பேர் வேணும். என் எடத்துல கிளார்க்கா உக்கார ஒரே ஒரு ஆளு."

"அவன் பொண்டாட்டிய மட்டும் போட்டுடாத."

"உன் பொண்டாட்டிய போடக்கூடாதுன்னு அவன் சொல்லிட்டுப் போறான்."

"பாத்தியா அவன் புத்திய!"

லவோன் பல்லைக் கடித்துக்கொண்டு நியமனக் கடிதத்தை நீட்டினாள். பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. அடியில் டெல்மரின் கையெழுத்து. இரண்டு பேர் மனைவியின் பெயரும் வராது என்று சத்தியம் செய்த பிறகு ஆர்லோவும் போட்டான். போட்டுவிட்டு, போகிற வழிக்கு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டான்.

வார்னெக் கவுண்டியின் வடமேற்கு மூலையில் ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமுமாகக் கிடக்கிற சதுரத்துக்குப் பெயர் எபனேசர் டவுன்ஷிப். அதை நிர்வாகம் செய்ய மூன்று அறங்காவலர்கள், ஒரு கிளார்க். மூன்று பேரில் ஒருவர் மார்ச் மாதம் செத்து டவுன்ஷிப் கல்லறையிலேயே படுத்துவிட்டார். புண்ணியவான், தப்பித்தார். மிச்சம் டெல்மரும் ஆர்லோவும்தான். கல்லறைப் புல்லை வெட்ட ஆள் பிடிப்பது, வேலிச் சண்டையைத் தீர்ப்பது, பக்கத்து ஊர்த் தீயணைப்பு வண்டியோடு வருடாவருடம் ஒப்பந்தம் போடுவது, இவ்வளவுதான் வேலை. முப்பத்தொரு வருடமாக எல்லாவற்றையும் லவோன் ஒருத்தியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

வேலிச் சண்டையைத் தீர்க்க வேண்டிய இருவருமே வேலிக்குச் சண்டை போட்டால் என்ன செய்வது? அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்றும் கடினமில்லை. வேலியின் நடுவில் இரண்டு நிலக்காரரும் முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். அவரவர் வலக்கைப் பக்கத்துப் பாதி அவரவர் பொறுப்பு. ஆனால் 1856-இல் சங்கிலி போட்டு அளந்த சர்வேயர், கொசுக்கடி தாங்காமலோ என்னவோ, அளவில் மீந்ததையெல்லாம் இந்த மூலையில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். காகிதத்தில் அரை மைல் இருக்கிற வேலி, தரையில் அரை மைலும் அறுபத்தாறு அடியும். கிழக்குக் கோடியிலிருந்து கால் மைல் அளந்து, என் பங்கு இதோடு சரி என்கிறான் டெல்மர். மேற்கிலிருந்து கால் மைல் அளந்து, என்னுடையது இதோடு சரி என்கிறான் ஆர்லோ. நடுவில் அறுபத்தாறு அடி கேட்பாரற்றுக் கிடக்கிறது. அந்த வழியாக டெல்மரின் மாடுகள் போய் ஆர்லோவின் சோயாவை மேய்ந்தன. ஆளுக்கு முப்பத்துமூன்று அடி கம்பி இழுத்துக் கட்டினால் ஒரு மத்தியானத்தில் முடிகிற காரியம். நாலு வருடமாக முடியவில்லை. தினம் காலையில் ஒருத்தன், சாயங்காலம் ஒருத்தன் என்று கிளார்க்குக்கு ஃபோன் வேறு. இது தெரிந்த எவள் அந்த வேலைக்கு வருவாள்?

ஆனால் லவோன் போயே ஆகவேண்டும். அவள் கணவன் டுவேனுக்கு வாரம் மூன்று நாள் ஓமஹா நகரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். போக எழுபது மைல், வர எழுபது மைல். போன ஜனவரியில் பனிப்புயலில் வண்டி சாலையோரப் பள்ளத்தில் இறங்கி, இரண்டு மணிநேரம் அவன் உதடு நீலமாவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இன்னொரு பனிக்காலம் அப்படிப் போக அவளுக்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு வாங்கியாயிற்று. ஆனால் கிளார்க் டவுன்ஷிப்புக்குள்தான் குடியிருக்க வேண்டும். இவள் போய்விட்டால் நவம்பர் முதல் தேதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஆளில்லை. எபனேசரில் நெருப்புப் பிடித்தால் தீயணைப்பு வண்டி எல்லையோடு நின்றுவிடும். காய்ந்த சோளத்தட்டை கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிற நேரத்தில் அதை எப்படி விட்டுவிட்டுப் போவது?

"பதினோரு பேர்டி. ஆளுக்கொரு வாளி வாங்கிக் குடுத்துட்டுக் கெளம்பு" என்றான் டுவேன்.

"உனக்கு எல்லாம் வெளையாட்டு."

"வாளியும் நல்ல வாளியா பாத்து வாங்கு."

1900-இல் அறுநூற்று நாற்பது பேர் இருந்த இடம். ஏழு பள்ளிக்கூடம், இரண்டு சர்ச். இப்போது எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் லவோன் விரல்விட்டுச் சொல்வாள். டெல்மர் வீட்டில் இரண்டு, ஆர்லோ வீட்டில் இரண்டு, தாங்கள் இரண்டு, கண் தெரியாத நீல்சன் சகோதரிகள் இரண்டு, ஃபோனே வைத்துக்கொள்ளாத கட்டைப் பிரம்மச்சாரி வெண்டல், மூன்று வேலை பார்க்கிற ஒரு இளம்பெண், அவள் கைக்குழந்தை. போன மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதினாறு என்று வந்தபோது அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஐந்து பேரை எங்கே பிடித்தீர்கள், ஊருக்குள் கால் வைக்காமல் கணக்கெடுத்தால் இப்படித்தான் என்று வாஷிங்டனுக்கே ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. தன் வாயை அடைக்க முடியாமல்தான் அவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள் என்று அவளுக்கு ஒரு திருப்தி.

கைக்குழந்தையைத் தவிர எல்லோரையும் கேட்டாயிற்று. எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். மறுநாள் காலை கவுண்டி அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, அங்கே வேலை பார்க்கும் ஜோலீனிடம் பொரிந்து தள்ளினாள்.

"என்னால முடியல ஜோலீன். பத்துப் பேர்ல ஒருத்தர்கூட ஒத்துக்க மாட்டேங்கிறாங்க."

"வாக்காளர் லிஸ்ட்டுல பன்னெண்டு பேர் இருக்காங்களேங்க."

"பன்னெண்டா? செத்தவங்கள எடுக்காம விட்டிருப்பீங்க."

"இல்லையே, போன எலக்‌ஷன்ல ஓட்டுப் போட்டிருக்காங்க. ஒட்டீலியா பாரியெந்தோஸ், ஏபெல் பாரியெந்தோஸ். வீட்டு நம்பர் 2714."

"அது ஹின்ரிக்ஸ் வீடும்மா. அங்க யாரும் இல்ல."

"அப்ப அந்த வீடு காலியாவா கெடக்கு?"

லவோன் ஃபோனை வைத்துவிட்டாள். ஹின்ரிக்ஸ் குடும்பத்தின் நிலத்தைப் பாங்க் எடுத்துக்கொண்டு நாற்பது வருடமாகிறது. வீட்டின் பெயர் மட்டும் போகவில்லை. அங்கே கொடியில் துணி காய்வதை அவள் பார்த்திருக்கிறாள். மூன்று சக்கர சைக்கிள் ஒன்று புல்லில் கிடந்து, பிறகு இரண்டு சக்கரமாகி, அதுவும் பெரிதாகிப் போனதைப் பார்த்திருக்கிறாள். அங்கிருந்து வரும் பச்சை வேனுக்கு, இந்தப் பக்கத்து மரியாதைப்படி, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கியிருக்கிறாள். இறைச்சித் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர்கள், இன்றைக்கு இருப்பார்கள் நாளைக்குப் போவார்கள் என்று அவள் நினைப்பு. விரல்விட்டு எண்ணும்போது அந்த வீட்டுக்கு விரல் மடங்கவில்லை, அவ்வளவுதான். அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அதைவிட அதிகமாக, வாஷிங்டன்காரன் சொன்னது சரியாகிவிட்டதே என்று வந்தது.

மத்தியானமே போனாள். கதவைத் திறந்த ஒட்டீலியாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வேலை முடிந்து வந்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. லவோன் யார், எதற்கு வந்தாள் என்று சொல்லி முடிக்கும்வரை வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டாள். பிறகு சமையலறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள்.

"நீங்க இங்க வந்து எவ்வளவு நாளாச்சு?" என்றாள் லவோன்.

"ஒம்பது வருஷம். டெக்சஸ்லேர்ந்து வந்தோம். நான் உங்க வீட்டுக்குக்கூட வந்திருக்கேனே."

"எங்க வீட்டுக்கா?"

"டவுன்ஷிப் கூட்டம், யார் வேணா வரலாம்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தீங்க. வந்து கதவத் தட்டினேன். 'இன்னிக்கு எதுவும் வாங்கறதா இல்லம்மா'ன்னு சொல்லி அனுப்பிட்டீங்க."

லவோனுக்குக் காதுமடல் சுட்டது. அந்தக் கதவுத் தட்டல் நினைவிருந்தது, முகம்தான் நினைவில்லை.

"அப்பவே உள்ள வந்து சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? கதவ மூடிட்டீங்க."

ஒட்டீலியா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். என்னென்ன வேலை, எத்தனை கூட்டம், எந்தத் தேதிக்குள் எதை அனுப்ப வேண்டும் என்று கறாராகக் கேட்டாள். டுவேனின் உடம்பைப் பற்றியும் டெல்மர், ஆர்லோவைப் பற்றியும் லவோன் மறைக்காமல் சொன்னாள்.

"அறுபத்தாறு அடியா? நாங்க வேலை பாக்கற எடத்துல அந்த மாதிரி ரெண்டு ஆம்பளைங்க இருந்தா சூப்பர்வைசர் ரெண்டு பேரையும் ஒரே கொக்கியில மாட்டிடுவான்."

லவோன் சிரித்துவிட்டாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. இவள் போதும், இவள் அந்த இரண்டு பேரையும் மேய்த்துவிடுவாள் என்று நெஞ்சு லேசானது. ஓமஹா வீட்டு ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்றுகூட மனம் போய்விட்டது.

வெற்றிடத்தில் ஒட்டீலியா தன் பெயரை எழுதினாள். கையெழுத்துப் போடும் முன் பேனாவை நிறுத்தினாள்.

"ஒண்ணு மட்டும். ரோட்டோரத்துல எங்க வீட்டு நம்பர் பலகை இல்ல. பனி தள்ற வண்டி இடிச்சுச் சாச்சுட்டுப் போயிடுச்சு. அன்னிக்கு அதக் கேக்கத்தான் வந்தேன். மொதல்ல அது வரணும்."

"இன்னிக்கே சொல்லிடறேன்."

"ரெண்டு வருஷம் முன்னாடி என் மாமியாருக்குப் பக்கவாதம். ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணேன். நம்பர் சொன்னேன், வழி சொன்னேன். நாப்பது நிமிஷம் ரோட்டுல நின்னு டார்ச்ச ஆட்டிட்டிருந்தேன். வண்டி எங்கயோ வேற வீட்டுக்குப் போயிடுச்சாம். அந்த நம்பர்ல யாருமே இல்லன்னு யாரோ சொன்னாங்களாம்."

லவோன் கையிலிருந்த காப்பிக் கோப்பையை மேஜையில் வைத்தாள். பிப்ரவரி மாதம், இரவுச் சாப்பாட்டு நேரம். ஆம்புலன்ஸ் அனுப்புகிறவர்கள் கிளார்க் என்று இவளைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்கள். உருளைக்கிழங்கு ஆறுகிறதே என்ற எரிச்சலில் இவள் சொன்னாள்: 2714-ல யாரும் இல்ல, தப்பா எழுதியிருப்பீங்க, 2741-ஆ இருக்கும், ஆர்லோ வீடு. நான் சாகறதுக்கு முன்னாடியே வந்து நிக்கறாங்கப்பா என்று ஆர்லோ அந்த வருடம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. ஒரு கிழக்குரல் ஸ்பானிஷில் ஏதோ கேட்டது. ஒட்டீலியா எழுந்து போய், அந்த அம்மாளைப் புரட்டிப் படுக்கவைக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் ஆனது. கடிதம் மேஜையில் கிடந்தது. ஒரு கையெழுத்துதான் பாக்கி. பேசாமல் இருந்தால் போதும், பத்து நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். டுவேனின் நீல உதடு கண்முன் வந்தது. ஒட்டீலியா திரும்பி வந்து பேனாவை எடுத்தாள்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் லவோன்.

"எத?"

"அந்த நம்பர்ல யாரும் இல்லன்னு. என்னத்தான் கேட்டாங்க. ஆர்லோ வீட்டுக்கு அனுப்புனதும் நான்தான்."

ஒட்டீலியா அவளையே பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் போடவில்லை.

"ரெண்டு வருஷமா நான் அந்த ஆம்புலன்ஸ்காரங்களத்தான் திட்டிட்டிருந்தேன்."

"தெரியாம சொல்லிட்டேன்னு சொல்ல மாட்டேன். நல்லாத் தெரியும்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

"சொல்லாம இருந்திருக்கலாமே. கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"தெரியும்."

"நாப்பது நிமிஷம்" என்றாள் ஒட்டீலியா. "சீக்கிரம் வந்திருந்தா நடந்திருப்பாங்கன்னு டாக்டர் சொன்னாரு. அவங்களுக்கு எடது கையில இன்னும் ஒரு ஸ்பூன்கூடப் பிடிக்க முடியல."

லவோன் தலை குனிந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் இவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சுமையையும் எதற்கு இவள் தலையில் வைப்பது என்று விழுங்கிக்கொண்டாள். கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கலாம் என்று கையை நீட்டினாள்.

ஒட்டீலியா கடிதத்தை விடவில்லை. தன் பக்கம் இழுத்து, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்காகப் போடல. நீங்க இங்கேர்ந்து போகணும், அதுக்காகப் போடறேன்" என்றாள். "அந்த ஃபோன் இனிமே எனக்கு வரட்டும். எந்த வீட்டுல யார் இருக்காங்கன்னு நான் சொல்லிக்கறேன்."

சரி என்றாள் லவோன். அதற்குமேல் அந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசத் தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.