வாலில் இருக்கும் மாயவன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. இப்போது 1988, தருமபுரியில் ஒரு கல்குவாரி அலுவலகத்தின் மாடி; கம்ப்யூட்டரைச் சோதிக்க எதையாவது டைப் அடிக்க வேண்டியிருந்தது, அடித்தேன். அதில் எழுதித் திருத்தும் எடிட்டர் புரோகிராமைப் போட்டவன் நான்தான். "என்ன கட்டளை வேணும்னாலும் எழுதிச் சேத்துக்கலாங்க" என்று பீற்றிக்கொண்டவனும் நான்தான். அதன் கூடவே பிறந்த ஒரு பழக்கத்தை எப்படி நிறுத்துவது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. சேவ் செய்யும்போதெல்லாம், முந்தைய பிரதியை அது பெயருக்குப் பின்னால் ஒரு நெளிகோடு போட்டு வைத்துக்கொள்ளும். அலுவலகத்தில் அதற்கு வால் என்று பெயர்.

1 (மறுபடியும்)

கடத்தூர்ப் பக்கம் சூரியன் மெல்ல

[வேண்டாம். நேரமில்லை.]

2

டைப்பிஸ்ட் ஷகிலா. செவ்வாய்க்கிழமை குவாரியில் கூலியாள் மாயவனின் காலில் கல் சரிந்தது. நஷ்டஈடு கொடுக்காமல் தப்ப, அவன் அன்று வேலைக்கே வரவில்லை என்று காட்ட, முதலாளி பச்சியப்பன் வருகைப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். பழைய பட்டியல் வாலோடு நின்றது. டைப்ரைட்டரில் பழகியவள் அல்லவா, தாளில் திருத்தினால் கார்பன் காப்பியிலும் திருத்தியாக வேண்டும். வாலைத் திறந்து அங்கேயும் பெயரை அழித்து சேவ் செய்தாள். வாலுக்கு ஒரு வால் முளைத்தது. அதில் மாயவன் இருந்தான்.*

* இங்கே அவளை அழவைத்திருந்தேன். அவள் அழவில்லை, அந்த வரியை அடித்துவிட்டேன்.

3

"அதென்னங்க, பேருக்குப் பேரு வாலு? எல்லாத்தையும் ஒரேடியா அழிச்சிடுங்க. டீ குடிச்சிட்டு வந்து பாக்கறேன்" என்று பச்சியப்பன் கீழே இறங்கினார்.

ஷகிலா கிட்டே வந்தாள். "சார், ரெண்டாவது வாலு ஒண்ணுதாங்க அவருக்கு சாட்சி. நா பயத்துல ஒருவாட்டி அழிச்சிட்டேன். நீங்களும் அழிச்சிடாதீங்க. நா சொன்னேன்னு தெரிஞ்சா வேலை போயிடுங்க. வூட்ல என் சம்பளம் மட்டுந்தான்."

4

முடிவு அ: பட்டியலை அச்சடித்து மாயவனின் மனைவியிடம் கொடுக்கிறேன். [பொய். பிரின்டர் போடும் சத்தம் டீக்கடை வரை கேட்கும்.]

முடிவு ஆ: எல்லா வாலையும் அழிக்கிறேன். [இது என்னால் முடியும். அதுதான் பயமாக இருக்கிறது.]

முடிவு இ: எதையும் தொடாமல் பஸ் ஏறுகிறேன். அவர் வந்து பார்ப்பார், "யார் சொல்லி இதை அழிக்காம வுட்டீங்க?" என்பார். பட்டியலை டைப் அடித்தது அவள் ஒருத்திதான்.

5

இன்னொன்று. முதலில் இந்தக் கதையை அவளுடைய நிஜப் பெயரில்தான் அடித்தேன். அப்புறம் ஷகிலா என்று மாற்றி சேவ் செய்தேன். புத்தி கெட்டவன். நிஜப் பெயர் போட்ட பிரதி இப்போது வாலோடு நிற்கிறது, திரையில் மாயவனின் பட்டியலுக்கு அடுத்த வரியில்.

அதை மட்டும் அழிக்கலாம். அழித்தாலும் மாயவன் மிஞ்சினால் அவள் மாட்டுவாள். அவனையும் அழித்தால் அவள் தப்பிப்பாள், அவன் அன்று வேலைக்கே வரவில்லை என்று ஆகிவிடும். எல்லா வாலையும் ஒரே விசையில் அழிக்கும் கட்டளையை நான் எழுதிச் சேர்த்தாயிற்று. படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. ஷகிலா என் முகத்தைப் பார்க்கிறாள். எனக்குக் கை வரவில்லை. இந்த நாற்காலியில், இதைப் படிக்கிற நீங்கள் வந்து உட்காருங்கள்