பாரப்பெட்டி

அந்தச் சபையில், சிலுவைக்கு நேர் கீழே, ஒரு மரப்பெட்டி இருந்தது. பாரப்பெட்டி என்பார்கள். நோயோ கெட்ட பழக்கமோ தன்னை விட்டு நீங்கியது என்று சாட்சி சொல்ல மேடையேறுகிறவர்கள், இனி தேவைப்படாத பொருளை அதில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். கைத்தடி, மூக்குக் கண்ணாடி, பாதி தீர்ந்த சிகரெட் பாக்கெட் எல்லாம் அதற்குள் கிடந்தன. ஒருமுறை யாரோ பல்செட்டைக்கூடப் போட்டார்கள். எந்த நோய் நீங்கியதற்கு என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. போட்டதைத் திரும்ப எடுக்கும் வழக்கம் கிடையாது. கண்ணாடியைப் போட்ட பெரியவர் அதற்குப் பிறகு வாசற்படியில் எத்தனையோ தடவை தடுக்கி விழுந்தார். அப்போதும் அவர் அதைக் கேட்கவில்லை.

லிஃப்ட்காரனின் மனைவி அதில் போட்டது, மகளின் வலிப்பு மாத்திரைப் புட்டியை.

போதகர் மேல் பழி போட வழியில்லை. மாத்திரையை நிறுத்து என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மகள் சிட்டுவின் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "முழுசா நம்புறியாம்மா?" என்று மட்டும் தாயைக் கேட்டார். சபையில் முதல் குரலெடுத்துப் பாடுகிறவள் அவள். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாதி நம்பிக்கை என்று எப்படிச் சொல்வாள்? "நம்புறேன். இன்னையோட மாத்திரை வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். சபை கைதட்டியது. கைப்பையில் இருந்த புட்டி பெட்டிக்குள் போய் விழுந்த சத்தம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரனுக்குக் கேட்டது.

அவன் வேலை பெரிய கட்டடங்களின் லிஃப்ட்களைப் பழுது பார்ப்பது. ஒரு லிஃப்டைத் தாங்க ஒரு கம்பிக் கயிறு போதும். ஆனால் ஐந்தாறு போடுவார்கள். அத்தனையும் அறுந்தாலும் பிடித்து நிறுத்த அடியில் ஒரு கொக்கி இருக்கும். நம்பிக்கை நல்லது, இன்னொரு கயிறு அதைவிட நல்லது என்பது அந்தத் தொழிலின் வேதம். அதிகப்படியான கயிற்றால் யாரும் செத்ததில்லை என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவனே சொல்வான்.

ஆகவே மறுநாளே மருந்துக் கடைக்குப் போய் அதே மாத்திரையை வாங்கினான். டாக்டர் எழுதியது இரவுக்கு ஒன்று. இரவில் பிள்ளையைத் தூங்கவைப்பது தாய். அவனுக்கென்று கிடைத்தது காலையில் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகும் வழிதான். பள்ளி மதில் ஓரம் வண்டியை நிறுத்தி, கருவிப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தான்.

"அம்மாகிட்ட சொல்லக் கூடாது. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கணும்."

சிட்டு மாத்திரையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்படியே மூடிக்கொண்டாள். பிறகு கேட்டாள், "இயேசப்பாகிட்ட சொல்லலாமா?"

"அவருக்கே தெரியும்" என்றான்.

மனைவியிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பது சுலபம். அந்த வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சிட்டுவுக்கு முதல் வலிப்பு சமையலறைத் தரையில் வந்தது. உதடு நீலமாகி, கண் மேலே செருகி, கரண்டி விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் பிள்ளை கிடந்தாள். அன்றிலிருந்து தாய் தூங்கவில்லை. பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருப்பாள். பகலில் துணிக்கடையில், அளவு சரியில்லாத உடுப்புகளைப் பிரித்துத் தைக்கிற வேலை. அங்கே ஊசி குத்தாத விரல் கிடையாது. சாட்சி சொன்ன பிறகுதான் அவள் தூங்க ஆரம்பித்தாள். சின்னக் குறட்டைகூட வந்தது. அந்தக் குறட்டையைக் கேட்டு அவன் இருட்டில் அழுதான். அதைப் பறிக்க அவனுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய விசுவாசத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் கூச்சமாகவும் இருந்தது. வேதாகமத்துக்குக் கெட்டித் துணியில் ஜிப் வைத்து ஒரு உறை தைத்திருந்தாள். அடுப்படிக்குப் போனாலும் பிள்ளையைப் படுக்கவைக்கப் போனாலும் அது அவள் கையிலேயே இருக்கும். அவன் ஒருமுறை எடுத்துப் புரட்டப் போனபோது, "கை அழுக்கா இருக்கு, வைங்க" என்று வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். நியாயம்தான் என்று நினைத்தான். மடியில் கனம் இருக்கிறவனுக்குத்தானே வழியில் பயம்.

வலிப்பு வரவில்லை. மாதங்கள் போயின. சபையில் அவளைச் சாட்சிக்கார அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவன் மட்டும் கடைசி வரிசையில் ஒரு விசித்திரமான ஜெபம் செய்துகொண்டிருந்தான். ஆண்டவரே, நீர் பிள்ளையைச் சுகமாக்கியிருந்தால் என் மாத்திரையை மன்னியும். சுகமாக்கவில்லை என்றால் என் மாத்திரையை ஆசீர்வதியும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அதை முழங்காலிலும் செய்ய முடியும் என்று காட்டியவன் அவன்தான்.

அதன் பிறகுதான் பிள்ளை மாறத் தொடங்கினாள். முதலில் தூக்கம். பள்ளியில் மேசைமேல் தலை வைத்துத் தூங்குகிறாள் என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். பிறகு நடை தள்ளாடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். பேச்சு குழறியது. சோற்றைப் பிசைந்தபடியே எதையோ வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வலிப்பு வேறு உருவத்தில் திரும்ப வருகிறது என்று லிஃப்ட்காரன் பயந்தான். மாத்திரையை விட்டுவிடச் சொல்லி ஆண்டவர் தண்டிக்கிறாரோ என்று ஒரு யோசனை வந்தது. ஒருநாள் கொடுக்காமல் இருந்து பார்க்கலாமா என்றும் நினைத்தான். சமையலறைத் தரையும் நீல உதடும் கண்முன் வந்தன. விடுவதற்குப் பதிலாக அரை மாத்திரை கூட்டினான். டாக்டரிடம் போகலாம் என்று மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தபோது, அவள் உறையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். அவள் குரலில் உறுதி இல்லை. அதை அவன் கவனித்திருக்க வேண்டும். அவளும் இப்போது இரவில் தூங்கவில்லை என்பதையும்.

ஒரு ஞாயிறு, ஆராதனை நடுவில், சிட்டு அவன் தோளில் சாய்ந்தபடி சொன்னாள். "அப்பா, சிலுவை ரெண்டா தெரியுது."

முன்வரிசை அம்மாள் ஒருத்திக்கு அது கேட்டுவிட்டது. சும்மா விடுவாளா? பிள்ளைக்குத் தரிசனம் கிடைத்தது என்ற செய்தி காணிக்கை எடுத்து முடிவதற்குள் சபை முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. இரண்டாவது சிலுவை எதைக் குறிக்கிறது என்று வாசலில் மூன்று பேர் மூன்று விளக்கம் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு பிள்ளையே மேடையில் சொல்லட்டும் என்று போதகர் கேட்டுக்கொண்டார்.

அந்த வாரம் சிட்டு அப்பாவைப் பார்க்கும்போது ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். ஏன் என்று கேட்டதற்கு, அப்படிப் பார்த்தால்தான் அப்பா ஒரே ஆளாக இருக்கிறார் என்றாள்.

ஞாயிறு வந்தது. வெள்ளை உடுப்பில், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சிட்டு மேடையேறினாள். படி எங்கே என்று காலால் துழாவித் துழாவி ஏறினாள். போதகர் குனிந்து மைக்கை நீட்டினார். பிள்ளை வாயைத் திறந்தாள். கொழகொழவென்று ஏதோ வந்தது. கண்மணிகள் பக்கவாட்டில் துடித்தன. பிறகு முழங்கால் மடங்கி, பாரப்பெட்டியின் ஓரமாகச் சரிந்து விழுந்தாள்.

சபை எழுந்து நின்றது. ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று ஒரு குரல் சொல்ல, பத்துக் குரல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. யாரோ ஒரு போர்வையைக் கொண்டுவந்து பிள்ளைமேல் போர்த்தினார்கள். கீபோர்டுக்காரர் சுருதியை உயர்த்தினார். தாயைப் பாடச் சொல்லிச் சைகை காட்டினார்கள். அவள் பாடவில்லை. உறையை மார்போடு அணைத்துக்கொண்டு கல்லாக நின்றாள்.

லிஃப்ட்காரன் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினான். இனி மெல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது. போர்வையை இழுத்தெறிந்து பிள்ளையை மடியில் தூக்கினான். மூச்சு இருந்தது, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவன் காத்திருக்க வேண்டியிருந்தது. நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். போதகர் கையிலிருந்து நழுவிய மைக் அவள் காலடியில் கிடந்தது. அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"மாத்திரையை நான் நிறுத்தவே இல்ல. இவ்வளவு நாளும் குடுத்துட்டுதான் இருக்கேன்."

கோபத்தை எதிர்பார்த்தான். அவமானத்தை எதிர்பார்த்தான். அவள் முகத்தில் வந்தது இரண்டும் இல்லை. ரத்தம் வடிந்துபோன முகத்தோடு மண்டியிட்டாள்.

"எப்போ குடுத்தீங்க?"

"காலைல. ஸ்கூல் வாசல்ல."

"எத்தன?"

"ஒண்ணு. இப்போ ஒண்ணரை."

அவள் வேதாகம உறையின் ஜிப்பை இழுத்தாள். அட்டைக்கும் துணிக்கும் நடுவே அவள் தைத்து வைத்திருந்த பைக்குள்ளிருந்து வெள்ளி நிற மாத்திரை அட்டை ஒன்று எட்டிப் பார்த்தது. பாதிக்கு மேல் காலி.

"நான் ராத்திரி குடுக்கறேங்க" என்றாள். "நானும் கூட்டிட்டேன்."

பாட்டு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. போதகர் தன் காரின் சாவியைத் தேடிப் பையைத் துழாவினார். முன்வரிசை அம்மாள் மட்டும் விஷயம் புரியாமல் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் நடுவழியில் ஓட, அவள் பின்னால் ஓடினாள். வாசல் வெளிச்சம் முகத்தில் பட்டதும் சிட்டு கண்ணைப் பாதி திறந்தாள். அப்பாவின் காதருகே நாக்கு புரளாமல் மெல்லச் சொன்னாள்.

"அம்மாகிட்ட சொல்லலப்பா. அம்மாவும் சொல்லாதேன்னாங்க, உங்ககிட்டயும் சொல்லல."

சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் பிள்ளை மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அவன் ஓடிக்கொண்டே பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். தாயும் கூப்பிட்டாள். போதகரின் கார்க் கதவு திறந்து, மூடி, கார் தெருவில் திரும்பும்வரை இரண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.