பன்னிரண்டு கிரேட்டும் ஒரு டெப்டி மேனேஜரும்

ஒரு மனிதனின் தகுதியை உலகுக்கு அறிவிக்கும் முடிவுகள் மூன்று: கல்வி, கல்யாணம், கார். இதைச் செல்வகுமார் தன் சொந்தச் சிந்தனையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறார். முதலாவதை அவருடைய அப்பா முடிவு செய்தார். இரண்டாவதைப் பெரிய மாமா. மூன்றாவதையாவது தானே முடிவு செய்வதென்று, அந்தச் சனிக்கிழமை காலை இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், வேலூர் பைபாஸில் இருக்கும் சத்தாரின் பழைய கார் யார்டுக்கு வந்திருந்தார். கூடவே அவர் மனைவி பூர்ணிமாவும் வந்திருந்தாள், இடுப்பில், பால் பாக்கெட் அடுக்குவது போன்ற ஒரு நீல நிற பிளாஸ்டிக் கிரேட்டோடு.

கிரேட்டுக்குக் காரணம் இருந்தது. கணியம்பாடியில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் எட்டுப் பெண்களை வைத்து ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறாள் பூர்ணிமா. ஆம்பூர் கம்பெனியிலிருந்து வெட்டிய தோல் வரும். தைத்ததைக் கிரேட்டில் அடுக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். வாடகைக்குப் பேசியிருந்த குட்டியானை மினி லாரி போன மாதம் மட்டும் மூன்று முறை லேட். வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து ரஷீத் அஹமது போன் செய்தார்.

"பூர்ணிமாம்மா, திங்கக்கிழமை ஒம்பது மணிக்குள்ள பன்னெண்டு கிரேட்டும் ஒரே டிரிப்புல கேட்டுக்குள்ள இருக்கணும். சொந்த வண்டி பாத்துக்கோங்க. இல்லன்னா வேலைய வாணியம்பாடிக்கு மாத்தச் சொல்லி மேலேர்ந்து ஆர்டர். நான் இன்னா செய்ய?"

எட்டுப் பெண்களிடமும் அவள் இன்னும் இதைச் சொல்லவில்லை.

யார்டில் அவர்கள் கைக்கு எட்டுகிற விலையில் இரண்டே வண்டிகள். ஒன்று வெள்ளை நிற ஸ்டேஷன் வேகன். சின்னக் கார்தான், ஆனால் பின்பக்கத்தை யாரோ பிடித்து இழுத்து நீட்டிவிட்டதுபோல் இருந்தது. இன்னொன்று கறுப்பு. உயரமாக, மேலே கண்ணாடிக் கூரையோடு, எதிரில் வருகிறவன் ஒதுங்கியே ஆகவேண்டும் என்கிற முகத்தோடு நின்றது. கையில் இருந்த பணம் ஒரு வண்டிக்குத்தான்.

"வெள்ளை எவ்ளோ குடுக்குது?" என்றாள் பூர்ணிமா.

"லிட்டருக்கு இருவது கண்ணை மூடிக்கிட்டு வரும்க்கா. ஹைவேல இருவத்திரெண்டு," என்றார் சத்தார்.

"கறுப்பு?"

"அது பதினொண்ணு. ராஜா வண்டிக்கா அது. அதுங்கிட்டப் போயி மைலேஜ் கேக்கலாமா?"

கணியம்பாடியிலிருந்து ஆம்பூர் போய்வர நூறு கிலோமீட்டருக்கு மேல். பூர்ணிமா வேகனின் பின்கதவைத் தூக்கினாள்.

"ஒரு விசயம்," சத்தார் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளைய ஆற்காட்டுக்காரர் ஒருத்தர் கேட்டிருக்காரு. கிளம்பிட்டாராம். யாரு மொதல்ல அட்வான்ஸ் குடுக்குறாங்களோ அவங்களுக்குத்தான். பின்னாடி என்னைப் பேஜார் பண்ணக்கூடாது."

"குடுத்துட்டுப் போ," என்றார் செல்வகுமார் பெருந்தன்மையோடு. "ஆம்புலன்ஸ் மாதிரி இருக்குது. பொணம் ஏத்துறதுக்கு ஆவும். ஒரு டெப்டி மேனேஜர் இதுல போயி எறங்குனா செக்யூரிட்டி சல்யூட் அடிப்பானா, மாலை எடுத்துட்டு வருவானா?"

அவர் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் ஃபினிஷிங் செக்‌ஷன் டெப்டி மேனேஜர். கறுப்பு வண்டி வாங்கப்போவதாகக் கேன்டீனில் ஏற்கெனவே அறிவித்தாகிவிட்டது. எங்கே நிறுத்துவது என்று இடமும் பார்த்தாகிவிட்டது.

பூர்ணிமா வேகனின் பின்சீட்டை மடித்தாள். கிரேட்டை வைத்து, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு, நகர்த்தி, மறுபடி கோடு போட்டாள். கீழே ஐந்து. மேலே ஐந்து. கதவோரம் செங்குத்தாக நிறுத்தினால் ஒன்று. பதினொன்று. நின்று யோசித்தாள். முன்பக்கம் போய் டிரைவர் பக்கத்து சீட்டில் வைத்துப் பார்த்தாள்.

"பன்னெண்டு," என்றாள்.

கறுப்பு வண்டியில் எட்டு. உயரம் இருந்தது, நீளம் இல்லை.

"ஏங்க, நாலு கிரேட்டை எங்க வெக்கிறது? கூரைக் கண்ணாடியத் தொறந்து கையில புடிச்சிக்கிட்டு வருவீங்களா?"

"கிரேட்டு, கிரேட்டு! உள்ள வந்து சீட்டைப் பாரு. ஒரிஜினல் லெதரு."

"பக்கா ஒரிஜினல்ண்ணே," என்றார் சத்தார். அவர் போன் அடித்தது. பேசிவிட்டு, "ரத்தினகிரி தாண்டிட்டாராம்," என்றார்.

செல்வகுமார் கறுப்பு வண்டியின் முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். தோலில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். "மாட்டுத் தோலு. ஃபுல் கிரெய்ன், மேல்பக்கம் சீவாதது. நம்ம பக்கத்துச் சரக்குதான்."

பூர்ணிமா ஒரு விரலால் தொட்டாள். "ரெக்சின் மாதிரி இருக்குதே."

சத்தார் வானத்தைப் பார்த்தார்.

"எவன் கிட்ட சொல்ற?" என்றார் செல்வகுமார். "தோலு எது, ரெக்சின் எதுன்னு எனக்கு நீ சொல்றியா?"

தோல் ஷாப்புகளில் சந்தேகம் வந்தால் தீர்க்க ஒரு வழி உண்டு. ஓரத்தில் நூலளவு கத்தரித்து, வெளியே கொண்டுபோய் நெருப்புக் காட்டுவார்கள். தோலானால் முடி கருகிய நாற்றம் வரும், சாம்பலாகும். ரெக்சினானால் உருகிச் சொட்டும். இதைச் செய்வதற்காகவே செல்வகுமார் சட்டைப் பையில் லைட்டர் வைத்திருப்பார். ஆனால் கத்தரி வைத்திருப்பதில்லை. வெளியே போகிற பொறுமையும் அப்போது இல்லை.

"இப்ப பாரு, முடி வாசனை வரும்," என்று சீட்டின் ஓர மடிப்பிலேயே லைட்டரைப் பிடித்தார்.

"அண்ணே, இன்னாண்ணே பண்றீங்க!"

வாசனை வந்தது. முடி வாசனை அல்ல. ஓரம் சுருங்கிப் பளபளத்து, உருகி, கறுப்பாக நூல் இழுத்துச் சொட்டியது. உள்ளே இருந்த ஸ்பான்ஜ் சட்டென்று பற்றியது. பூர்ணிமா கிரேட்டைக் கவிழ்த்து அதன்மேல் அழுத்தினாள். கிரேட்டில் ஓட்டைகள் இருந்ததால் புகை இன்னும் அழகாக வந்தது. சத்தார் குடத்துத் தண்ணீரை ஊற்றியபின்தான் அடங்கியது. சீட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம்.

"ரெக்சின்தான்," என்றார் செல்வகுமார், ஒரு நிபுணரின் நிதானத்தோடு.

"அதுக்கு எரிக்கணுமா?" சத்தாரின் குரல் உடைந்தது. "இனிமே இத்த எவன் வாங்குவான்? நீங்கதான் எடுத்துக்கணும். அட்வான்ஸை எடுங்க."

"நீ ஒரிஜினல்னு பொய் சொன்னியே?"

"நீங்களும்தானே சொன்னீங்க, ஃபுல் கிரெய்ன்னு!"

செல்வகுமார் லைட்டரைச் சட்டைப் பைக்குள் போட்டார். சத்தாரின் போன் மறுபடி அடித்தது. ஆற்காட்டுக்காரர் சத்துவாச்சாரி வந்துவிட்டார். இன்னும் ஐந்து நிமிடம்.

பூர்ணிமா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பணம் கறுப்புக்குப் போனால் திங்கட்கிழமை எட்டுக் கிரேட்தான் ஆம்பூர் போகும். எட்டுக் கிரேட் போவதும் ஒன்றுதான், ஒன்றும் போகாததும் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை அந்த எட்டுப் பேரும் ஷெட் வாசலில் வந்து நிற்பார்கள்.

"சத்தார் பாய்," என்றாள். "இந்த வண்டிக்கு நான் சீட் தெச்சித் தர்றேன். நெஜத் தோலுல."

"இன்னாக்கா?"

"நாங்க தெக்கிறது வெளிநாட்டுக்குப் போற ஷூ. சீட் தெக்க மாட்டோமா? தோலு இவரு ஷாப்புல எடுத்துத் தருவாரு. அப்புறம் ஒரிஜினல் லெதர்னு நீங்க தைரியமா சொல்லலாம். வெலையும் ஜாஸ்தி சொல்லலாம்."

செல்வகுமார் வாயைத் திறந்தார். பூர்ணிமா திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

சத்தார் பள்ளத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "அஞ்சு சீட்டும்."

"முன்னாடி ரெண்டு."

"எரிச்சது யாருக்கா?"

"சரி, அஞ்சும். பத்து நாள் டைம் குடுங்க. வெள்ளை இப்பவே எங்களுக்கு."

ரோட்டில் ஒரு பைக் வேகம் குறைந்து யார்டுப் பக்கம் திரும்பியது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே கண் வெள்ளை வண்டியில் இருந்தது. பூர்ணிமா பணக்கட்டைச் சத்தாரின் கையில் திணித்தாள். சத்தார் அரை விநாடி தயங்கினார். பிறகு விரல்கள் மூடின.

"வாங்க பாய், வாங்க," என்று ஆற்காட்டுக்காரரை நோக்கி நடந்தார். "வெள்ளை இப்பத்தான் போச்சு. ஆனா கறுப்பு ஒண்ணு இருக்குது. பத்து நாள்ல ஒரிஜினல் லெதர் சீட்டோட ரெடி."

திங்கட்கிழமை பாலாற்றுப் பக்கம் பனி இறங்கியிருந்தது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் கால் மணி நேரம் போயிற்று. ஆம்பூர் கம்பெனி வாசலில் வேகன் நின்றபோது மணி எட்டு ஐம்பத்து நான்கு. பதினொரு கிரேட்டுகள் பின்னால். பன்னிரண்டாவது, அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்த செல்வகுமாரின் மடியில். அவர் அதன் விளிம்புக்கு மேலாக உலகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செக்யூரிட்டி சல்யூட் அடிக்கவில்லை. நோட்டைத் திறந்தான்.

"டிரைவர் ஒருத்தர், லோடுமேன் ஒருத்தர். ரெண்டு கையெழுத்து வேணும். லோடுமேன் இல்லாம வண்டி உள்ள போவாது."

"லோடுமேன்லாம் இல்லப்பா," என்றாள் பூர்ணிமா. "ஒம்பதுக்குள்ள இறக்கணும். ரஷீத் சாரைக் கேளு."

"சார் ஒம்பதரைக்குத்தான் வருவாரு. ரூல்ஸ்ம்மா. இல்லன்னா ஓரங்கட்டுங்க."

எட்டு ஐம்பத்தேழு. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. பூர்ணிமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வகுமார் கிரேட்டுக்கு மேலாகக் கையை நீட்டி நோட்டை வாங்கினார். தலைப்புகளை இரண்டு முறை படித்தார். லோடுமேன் என்ற கட்டத்தில், ஃபைல்களில் போடுகிற அதே முழுக் கையெழுத்தைப் போட்டார்.

டிரைவர் கட்டத்தில் பூர்ணிமா போட்டாள். கேட் திறந்தது.

டிரைவர் என்ற கட்டத்தில் போட்டிருக்கலாம்தான். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.