வீடு முழுக்கத் தேடியது

"சமையக்கட்டுலயும் காணோமே! எங்கதான் போனா இந்தச் சுண்டு?" என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்துவிட்டு, அவள் அடுத்த வரியைத் தட்டச்சு செய்தாள்.

ஆய்வுக் கட்டுரையை மறுநாள் காலை அனுப்பியாக வேண்டும். தேடுவதுதான் அவளுக்குப் பிழைப்பே. முன்பின் பார்த்திராத வீட்டுக்குள் ஓர் இயந்திரத்தை விடுகிறோம், வரைபடம் கிடையாது, நின்ற இடத்திலிருந்து கண்ணுக்கு எட்டுவது மட்டும்தான் அதற்குத் தெரியும். எங்கோ மறைந்திருக்கும் பொருளை எவ்வளவு குறைவாக நடந்து கண்டுபிடிக்கலாம்? இந்த ஒரு கேள்வியோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்தே மகள் சுண்டு பிடுங்கி எடுத்தாள். "ஒரே ஒரு ஆட்டம்மா." சரியென்று கண்ணை மூடி எண்ணும்போதுதான் அந்த யோசனை வந்தது. ஒளிந்திருக்கிற குழந்தை தொந்தரவு செய்யாது. அவ்வப்போது ஒரு சத்தம் கொடுத்தால் போதும். கட்டிலுக்கு அடியில் இல்லையே, குளியலறையில் இல்லையே என்று வேலைக்கு நடுவே கூவினாள். முதலில் எங்கிருந்தோ அமுக்கிய சிரிப்பு கேட்டது. அது எப்போது நின்றதென்று அவள் கவனிக்கவில்லை.

பத்தி முடிந்தது. சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து திரும்பியவள் அப்படியே நின்றாள். அவள் இருந்த அதே அறையின் கதவுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, இரண்டு சின்னப் பாதங்கள். கதவிடுக்கில் ஒரு கண். அங்கிருந்து பார்த்தால் நாற்காலி நேராகத் தெரியும். பக்கத்திலேயே இருந்தும் பார்வைக்குத் தப்பிவிடும் அப்படிப்பட்ட மூலைகளைப் பற்றித்தான் அவள் காலையெல்லாம் எழுதியிருந்தாள்.

சுண்டு வெளியே வந்தாள். சிரிக்கவில்லை, அழவுமில்லை. தான்தான் தப்பு செய்து மாட்டிக்கொண்டது போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லா இடத்துலயும் தேடினேன்டி," என்று அம்மாவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஆமாம்மா. கேட்டுச்சு."

அதற்குப் பிறகு ஒரு வரிகூட ஓடவில்லை. எழுதிய பத்தியையே மறுபடி மறுபடி படித்தாள். குழந்தையைக் கூப்பிட்டு ஏதாவது சொல்லலாம் என்று இரண்டு தடவை எழுந்தாள். என்ன சொல்வது? மறுபடி நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

சாயங்காலம் கணவர் வந்ததும், "என்னடா பண்ணீங்க இன்னிக்கு?" என்று மகளைத் தூக்கிக்கொண்டார்.

"ஒளிஞ்சு வெளையாண்டோம்பா. அம்மா ரொம்ப நேரம் தேடுனாங்க. வீடு முழுக்க."

"பின்ன? அவ தேடுறதுலயே பட்டம் வாங்குனவளாச்சே!" என்று அவர் சிரித்தார்.

மகள் அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. போட்டுக் கொடுத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. காது மடல்கள் கொதித்தன. இத்தனூண்டு உருவம் தன் மானத்தைக் காப்பாற்றுகிறதே. இதை எங்கே கற்றுக்கொண்டது?

கணவர் குளிக்கப் போனதும் கணினியை மூடிவிட்டு மகள் முன்னால் மண்டியிட்டாள்.

"இன்னொரு ஆட்டம் ஆடலாமா? அம்மா நெஜமாவே தேடுறேன்."

சுண்டு கொஞ்சம் யோசித்தாள். "வேணாம்மா. நீ ஒளிஞ்சுக்கோ. நான் தேடுறேன்."

துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே அம்மா உடம்பை ஒடுக்கிக்கொண்டு நின்றாள். மகள் கூவவில்லை. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. கட்டில் விரிப்பு தூக்கப்பட்டது. செருப்பு அலமாரி திறந்து மூடியது. பிறகு மேசை டிராயர் இழுபடும் சத்தம், ஒரு பூனைக்குட்டிகூட நுழைய முடியாத அந்தச் சின்ன டிராயர். அதற்கப்புறம், ஓர் இடமும் விட்டுப்போகாமல், அதற்குக் கீழே இருந்த டிராயரும்.