கழலைக்குள் இருந்தது

சோமனூரில் தறி ஓட்டும் தெய்வாத்தாளுக்குக் கழுத்தில் கழலை வந்து நாளாகியிருந்தது. தறிச் சத்தத்துக்கு மேலே குரல் எடுத்துப் பேசினால் மூச்சு முட்டவே, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து அறுவை செய்து அதை எடுத்துக்கொண்டாள். வெட்டியெடுத்ததை வழக்கப்படி சோதனைக்கு அனுப்பினார்கள்.

தையல் பிரிக்கப் போன அன்று டாக்டர் வேங்கடசாமி சுற்றி வளைக்கவில்லை.

"கழலைக்குள்ள மிளகு அளவுல புத்துக்கட்டி ஒண்ணு இருந்திருக்குதுங்கம்மா. கேன்சர்தான். ஆனா மெதுவா வளர்ற சாதி. நாம தேடாமயே கண்ணுல பட்டிருக்குது. கழலையோட அதுவும் முழுசா வந்திருச்சு. மாத்திரை சாப்பிடுங்க, வருசா வருசம் வந்து காட்டுங்க."

"உசுருக்கு ஏதாச்சும்ங்களா?"

"ஒண்ணுமே ஆகாதுன்னு சத்தியம் பண்ண முடியாதுங்க. ஆனா இதுக்கு நான் பயப்படலைங்க."

அந்தக் கடைசி வார்த்தையைத் தெய்வாத்தாள் பிடித்துக்கொண்டாள். கூட வந்திருந்த கணவர் பாலுசாமிக்கோ, கேன்சர் என்று கேட்டபின் எதுவும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும், தெய்வாத்தாளுக்குக் கேன்சர், இனிப் பிழைப்பது கஷ்டம் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டார்.

மறுநாள் காரமடையிலிருந்து தங்கை பழனியாத்தாள் வந்து இறங்கினாள். அக்கா தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் ஆள் விட்டுப் பத்திரிகை கொடுத்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. இப்போது அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"என்னைய உட்டுப்போட்டுப் போயிராதக்கா!"

"நான் எங்கீம் போகலை அம்மணி" என்று தெய்வாத்தாள் டாக்டர் சொன்னதையெல்லாம் நிதானமாகச் சொன்னாள். பழனியாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப மாமா ஏன் போன்ல அப்படிச் சொன்னாரு?"

"அவரு பாதிதான் கேட்டாரு. முழுசாச் சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

பழனியாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். "மாட்டேன். கூப்பிடாத ஊட்டுக்கு எதுக்கு வாரேன்?"

தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காயம் சுரீரென்று இழுக்க, கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். தங்கை பதறி அவள் தோளைத் தாங்கினாள்.

"நான் நேர்ல வந்திருக்கோணும். தப்புத்தான்" என்றாள் தெய்வாத்தாள்.

"செரி, பேசாத. கழுத்து வலிக்கும்" என்று எழுந்த பழனியாத்தாள், விழுங்கச் சிரமமில்லாமல் அரிசியும் பருப்பும் சாதத்தைக் குழைவாக ஆக்கச் சமையலறைக்குப் போனாள். நாலைந்து நாள் தங்கியும் விட்டாள்.

அடுத்த வருடம் பாலுசாமியை வீட்டிலேயே விட்டுவிட்டு அக்காளும் தங்கையும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து, ஸ்கேனும் எடுத்து, ஒன்றுமில்லை என்றார். பழனியாத்தாளின் மகளுக்கு வளைகாப்புச் சேலை எடுக்க வேண்டியிருந்தது. இருவரும் டவுன் பஸ் பிடித்துக் கடைவீதிக்குப் போனார்கள்.